தானாக நகர்ந்த சீட்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். இடது முன்விளக்கு நொறுங்கி, பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு, ஒரு பெரிய கார் என் பட்டறை வாசலில் வந்து நின்றது. நான் வயரிங் வேலைக்காரன். ஏற்காடு கடைவீதி முடிந்து சாலை மேடேறத் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை என்னுடையது. தகரம் தட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் சேலத்தில்தான் நடக்கும். அடிபட்ட வண்டியை இங்கே எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்கப் போனேன். அதற்குள் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து எஸ்டேட் முதலாளி இறங்கினார். காப்பியும் மிளகும் போட்டிருக்கும் எஸ்டேட். அங்குள்ள ஜீப்புகளுக்குப் பல வருடமாக நான்தான் வயரிங் பார்க்கிறேன். முதலாளி நல்ல உயரம். பேச்சு குறைவு.

"பம்பரெல்லாம் சேலத்துல பாத்துக்கறேனுங்க. நீங்க டிரைவர் சீட்டை மட்டும் பாருங்க. அது தானா நகருமா, நகராதா? அதுதான் எனக்குத் தெரியோணும்."

"தானாங்களா?"

"அப்படித்தான் சொல்றான் எங்க டிரைவர்."

நடந்ததை அவர் நாலு வாக்கியத்தில் சொன்னார். இரண்டு நாளுக்கு முன், காலை ஆறு மணிக்கு அவருடைய மனைவியை ஏற்றிக்கொண்டு டிரைவர் சேலத்துக்குக் கிளம்பியிருக்கிறார். மலை இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி கட்டைச்சுவரில் மோதியது. பின்சீட்டில் இருந்த அந்த அம்மாவுக்கு நெற்றியில் தையல். டிரைவரைக் கேட்டால், சீட் தானாகப் பின்னால் போய்விட்டது, கால் பிரேக்குக்கு எட்டவில்லை என்கிறார்.

"நான் போய்ப் பாக்கறப்ப சீட் கடைசி வரைக்கும் பின்னாலதான் இருந்துச்சு. தூங்கறதுக்குச் சாச்சானோ, ஃபோன் பாத்தானோ, யாருக்குத் தெரியும்? வண்டி உங்ககிட்ட இருக்கட்டும். பாத்துச் சொல்லுங்க."

அந்த டிரைவரை எனக்குத் தெரியும். கிளியூர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். குள்ளமான, அடக்கமான ஆள். வண்டியை வேலைக்கு விட்டால் பக்கத்தில் நின்று பார்ப்பாரே தவிர, இதைத் தொடு, அதைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் ஓட்டியவர்.

நான் தொழில் கற்றுக்கொண்ட நாளில் சீட்டில் மின்சாரம் கிடையாது. அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கி, உடம்பை ஒரு எக்கு எக்கினால் சீட் நகரும். இப்போது வரும் பெரிய வண்டிகளில் சீட்டின் பக்கவாட்டில், கதவை ஒட்டி, சின்னதாக ஒரு குமிழ் இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால் சீட் முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால் போகும். விரலை எடுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். சீட்டும் நின்றுவிடும். அடியில் மோட்டார்கள், அவற்றுக்குப் போகும் வயர்கள், வயர்களைச் சேர்க்கும் கப்ளர்கள். ஜோடனை பெரிதாகத் தெரிந்தாலும் கணக்கு பழையதுதான். கரண்ட் வருகிறதா, வந்த கரண்ட் திரும்பிப் போக வழி இருக்கிறதா, நடுவில் எங்கே தடுமாறுகிறது. முப்பது வருடமாக ஹாரனிலும் விளக்கிலும் நான் பார்த்தது இதைத்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். மார்கழியில் பத்து மணிக்கு முன்னால் நான் பட்டறையைத் திறப்பதில்லை. பனியில் ஸ்பேனர் கையைக் கடிக்கும். மூட்டம் கலைந்து வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் கைக்கு வேலை வரும்.

முறையாகத்தான் பார்த்தேன். இதை நான் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்குப் போவது, அதோடு விளையாடக் கூடாது. அப்புறம் சீட்டின் நாலு போல்ட்டையும் கழற்றி, சீட்டைப் பின்னால் சாய்த்து அடியைப் பார்த்தேன். வயர் எங்காவது சீட் நகரும் தண்டவாளத்தில் உரசித் தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். உரியவில்லை. கப்ளரைப் பிரித்துப் பார்த்தேன். இந்த ஊரில் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பூப்பது சகஜம். மிதியடிக்கு அடியில் ஈரம் நின்றால் ஒரு மழைக்காலம் போதும். இதில் பூக்கவில்லை. எர்த் வயரை இறுக்கிப் பார்த்தேன். ஃபியூஸ் சரி. மீட்டர் சில சமயம் ஏமாற்றும், பன்னிரண்டு வோல்ட் காட்டும், ஆனால் அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு பல்பை எரிக்கத் தெம்பு இருக்காது. அதனால் டெஸ்ட் லேம்ப்பையும் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது.

சீட்டைத் திரும்ப மாட்டி, உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஓட்டினேன். முப்பது தடவையாவது இருக்கும். குமிழை விட்டால் நின்றது. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டும் சீட்டை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் நின்றது. குமிழ் ஓரத்தில் பத்துப் பதினைந்து எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. துணியால் தட்டிவிட்டேன். பழம் ஏற்றிப்போகும் எஸ்டேட் வண்டியில் எறும்பு இருப்பது ஒரு செய்தியா என்ன.

மறுநாள் மத்தியானம் இன்னொரு முறை பார்த்துவிட்டு முதலாளிக்கு ஃபோன் செய்தேன்.

"சீட்ல ஒரு கோளாறும் இல்லீங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு நாளாப் பாத்துட்டனுங்க. ஒரு கோளாறும் இல்லீங்க."

"அப்பச் சரிங்க" என்றார். அடுத்த நாள் வண்டி சேலத்துக்குப் போய்விட்டது.

ஃபோனை வைத்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் மோட்டாரை மாற்று, ஸ்விட்சை மாற்று என்று சொல்லாமல் இருந்ததை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன சொல் அந்த ஃபோனிலிருந்து இறங்கி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து டிரைவர் பட்டறைக்கு வந்தார். நடந்து வந்திருந்தார். தலையில் மப்ளர், காலில் செருப்பு நனைந்திருந்தது. வழக்கமாக வண்டியோடு பார்த்த மனிதரை வெறும் ஆளாகப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ஏனுங்கண்ணா, அந்த சீட்டை நீங்கதான பாத்தீங்க?"

"ஆமாங்க தம்பி."

"எந்நேரத்துல பாத்தீங்க?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. "மத்தியானத்துலதான். ரெண்டு நாள் பாத்தேன். ஏனுங்க?"

"இல்லீங்க, காலங்காத்தால பாத்தீங்களான்னு கேக்கலாம்னு வந்தேன். எனக்கு ஆனது காலையில ஆறு மணிக்குங்க. நல்ல மூட்டம். கண்ணாடியெல்லாம் வேர்த்துப் போயிருந்துச்சு."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். முப்பது வருட வேலை, இரண்டு நாள் சோதனை என்று அடுக்கியிருப்பேன். அவர் ஒரு டாக்டரிடம் நோயைச் சொல்வது போல, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலாளி வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டாராம். "மெக்கானிக்கே கோளாறு இல்லைன்னு சொல்லீட்டாரு, இன்னும் எதுக்குப் பொய் சொல்ற" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு லாட்ஜில் போய் டிரைவர் வேலை கேட்டிருக்கிறார். மலையில் செய்திக்குக் கால் அதிகம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற ஆள் என்று அவருக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"தம்பி, உக்காருங்க. அன்னைக்கு வண்டியில ஏறுனதிலிருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாம."

அவர் உட்கார்ந்தார். "முந்தின நாளு முதலாளி ஓட்டியிருந்தாருங்க. அவருக்கு நீளக் காலு. சீட்டைப் பின்னால வெச்சுருந்தாரு. நான் ஏறி முன்னால தள்ளுனேன். கொஞ்சம் அதிகமாப் போயிருச்சு, முட்டி இடிச்சுது. சரின்னு பின்னால ஒரு தட்டுத் தட்டுனேன். அப்பவே அந்தக் குமிழு விரல்ல பிசுபிசுன்னு இருந்துச்சுங்க. என்னமோ பழச்சாறு போலன்னு வேட்டியில தொடச்சுக்கிட்டேன். அப்புறம் வளைவுல திருப்பறேன், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்குது, சீட்டு மொள்ளமாப் பின்னால போகுது. மொள்ளமாத்தானுங்க போச்சு. நான்தான் என்னன்னு புரியாம இருந்துட்டேன். காலை எட்டி எட்டி நீட்டுறேன். பிரேக்கு நுனிக்காலுக்குத்தான் கிடைக்குது."

பிசுபிசு என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கூடவே அந்த எறும்புகள். நான் துணியால் தட்டிவிட்டவை.

"ஃபோன் பேசலீங்கண்ணா. தூங்கவும் இல்லை" என்றார் அவர், நான் கேட்காமலே.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஆட்டோவின் விளக்கைச் சரிபார்த்துக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கண்டது என்ன? ஒரு மத்தியானத்தில், சமதரையில், வெயிலில் நின்ற வண்டியில் கோளாறு தெரியவில்லை. அவ்வளவுதான். ஆனால் சொன்னது, கோளாறு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு மனிதரின் பன்னிரண்டு வருடம் விழுந்துபோனது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு ஏன் மனம் வரவில்லை என்றும் யோசித்தேன். தெரியவில்லை என்றால் வாடிக்கையாளர் சேலத்துக்குப் போய்விடுவார். அது ஒரு காரணம். அதைவிட, முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் எஸ்டேட் பங்களாவுக்குப் போனேன். காரைச் சேலத்தில் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்று கேட்டார்.

"சீட்டை இன்னொருக்கா பாக்கோணுமுங்க" என்றேன்.

"எதுக்கு? நீங்கதான கோளாறு இல்லைன்னீங்க."

"அன்னைக்கு எனக்குத் தட்டுப்படலீங்க. காலைப் பனியில பாக்கலை. ஒரு ராத்திரி வண்டி வெளியில நின்னாத்தான் தெரியும் போல இருக்குதுங்க."

"அவன் வந்து உங்ககிட்டப் பேசுனானா?"

"வந்தாருங்க."

அவர் முகம் இறுகியது. முடிந்துபோன விஷயம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. அவர் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"எடுத்துட்டுப் போங்க. அன்னைக்கு நான் கண்ணை மூடிட்டு இருந்தேன், வளைவு வந்தா எனக்குத் தலை சுத்தும். அதனால எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை. ஆனா மோதுறதுக்கு முன்னால அவரு 'அம்மா கெட்டியாப் பிடிச்சுக்கங்க'ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. தூங்கறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க."

முதலாளி திரும்பி அவரைப் பார்த்தார். இதை அவர் முதல்முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வண்டியை என் முற்றத்தில், கூரைக்கு வெளியே நிறுத்தினேன். டிரைவரை விடிந்ததும் வரச் சொல்லியிருந்தேன். அவரை அந்தக் காரில் உட்காரவைப்பதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஆறு மணிக்கு அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மூட்டம் முற்றத்துக்குள் இறங்கி, எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரங்களைக் காணாமலாக்கியிருந்தது. காரின் கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சீட்டைக் கடைசி வரை பின்னால் விட்டுவிட்டு அவரை ஏறச் சொன்னேன்.

"அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க."

அவர் ஏறினார். ஸ்டார்ட் செய்தார். குமிழை முன்னால் தள்ளினார். சீட் முனகிக்கொண்டு முன்னால் வந்தது. முட்டி இடித்தது. பின்னால் ஒரு தட்டு. சீட் ஒரு விரல்கடை பின்னால் போய் நின்றது.

நான் குனிந்து குமிழைப் பார்த்தேன். சட்டென்று நடுவுக்கு வர வேண்டிய குமிழ் வரவில்லை. பின்பக்கமாக, ஒரு நூல் அளவுக்குச் சாய்ந்தே நின்றது. மத்தியான வெயிலில் இருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

"பிரேக்கை மிதிச்சுக்கங்க. கையை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, கதவின் மேல்விளிம்பைப் பிடித்து வண்டியை உலுக்கினேன். வளைவில் பள்ளத்தில் இறங்கினால் எப்படிக் குலுங்குமோ அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை உலுக்கினேன்.

சீட் முனகியது. அவரைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் போகத் தொடங்கியது. அவர் இரண்டு கைகளையும் காற்றில் வைத்திருந்தார். பிரேக்கின் மேல் இருந்த கால் முதலில் மடங்கலாக இருந்தது, பிறகு நீண்டது, பிறகு குதிகால் விலகி விரல்நுனி மட்டும் ஒட்டியிருந்தது, பிறகு அதுவும் விட்டுப்போனது. சீட் கடைசிக்குப் போய் மோதி, அப்புறமும் மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. நான் கையை உள்ளே விட்டுக் குமிழை நடுவுக்குத் தள்ளினேன்.

அவர் இறங்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதானுங்கண்ணா" என்றார். மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூட்டத்தின் ஈரமா, வேறா என்று நான் பார்க்கவில்லை. டீ வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தேன்.

திரும்பி வந்ததும் நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். வண்டி நிற்கிறது, முன்னால் மலை இல்லை, பள்ளம் இல்லை, என்ன நடக்கப்போகிறது என்பதும் தெரியும். அப்படியும் பிரேக் காலைவிட்டு விலகியபோது என் கை கதவைப் பிடித்துக்கொண்டது. அந்த மனிதருக்கு அது வளைவின் நடுவில், இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்போது நடந்திருக்கிறது. அவர் வண்டியைச் சுவர் இருந்த பக்கமாகத் திருப்பியிருக்கிறார். சுவர் இல்லாத பக்கமும் அந்த வளைவில் உண்டு.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்விட்சை வெளியே எடுத்தேன். நகத்தால் நெம்பி அதன் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தபோது ஒரு மணம் வந்தது. தேன். பழுப்பாக, பிசினைப் போல, செம்புத் தகடுகளின் மேல் படலமாகப் படிந்திருந்தது. நாலைந்து எறும்புகள் அதில் செத்து ஒட்டிக்கிடந்தன. வெயிலில் அது இளகிவிடும், ஸ்பிரிங் குமிழைத் திருப்பிவிடும். குளிரில் இறுகிக் குமிழைப் பாதியில் பிடித்து வைக்கும். தகடுகள் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். ஒரு குலுக்கல் வந்தால் ஒட்டிக்கொள்ளும். மோட்டாருக்கு என்ன தெரியும், யாரோ விரலை வைத்து அழுத்துகிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்விட்சை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். டிரைவரையும் கூப்பிட்டேன். "வேண்டாமுங்கண்ணா, நீங்க போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளியூருக்கு நடந்தார்.

முதலாளியும் அவர் மனைவியும் கூடத்தில் இருந்தார்கள். தட்டை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எப்படி நின்றது, எப்படி உலுக்கினேன், எப்படிப் போனது என்று ஒவ்வொன்றாக. யார் உட்கார்ந்து பார்த்தது என்பதையும் சொன்னேன். முதலாளி ஸ்விட்சை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேன் எப்படிங்க உள்ள வந்துச்சு?" என்று கேட்டார். அது என்னைக் கேட்ட கேள்வி. பதில் அவருடைய மனைவியிடமிருந்து வந்தது.

"நான்தான்."

விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருவரும் காரில் கரடியூர் பக்கம் போயிருக்கிறார்கள். திரும்பும்போது சாலையோரத்தில் ஒரு பாட்டில் தேன் வாங்கியிருக்கிறார் அந்த அம்மா. முதலாளி பின்னால் ஆரஞ்சுக் கூடையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கை நிறைய இருக்கிறதே என்று பாட்டிலை டிரைவர் சீட்டின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். மூடி சரியில்லை. சீட்டின் விளிம்பு வழியாகத் தேன் இறங்கிவிட்டது.

"புது வண்டி, சத்தம் போடுவீங்கன்னு அவசரமா ஈரத்துணியால தொடச்சேன். மேல சுத்தமா ஆயிருச்சு. அப்புறம் மறந்தே போயிட்டேன். ஒரு பாட்டில் தேனு. சொல்லியிருக்கலாம்" என்றார். கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது.

முதலாளி ஸ்விட்சைத் திரும்பத் தட்டில் வைத்தார். நான் அவரைக் கெட்டவர் என்று நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. மனைவியின் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்தவர் ஒரு காரணத்தைத் தேடினார். கைக்கு முதலில் கிடைத்தது ஒரு மனிதர். அந்த மனிதர்தான் காரணம் என்று அவருக்கு உறுதி சொன்னவன் நான். அதையும் அங்கேயே சொன்னேன். "நான் அன்னைக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கோணுமுங்க. இல்லைன்னு சொன்னது என் தப்பு."

"விடுங்க" என்றார். விடக்கூடியதாக இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

சேலத்திலிருந்து புது ஸ்விட்ச் வரவழைத்து மாட்டினேன். மாட்டிய பிறகு விடியற்காலையில் மூன்று நாள் போய்ப் பார்த்தேன். குமிழ் சட்சட்டென்று நடுவுக்கு வந்தது.

முதலாளி டிரைவருக்கு ஆள் அனுப்பினார். பிறகு தானே ஃபோன் செய்தார். டிரைவர் போகவில்லை. அவரைக் கடைவீதியில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன்.

"காரு சொன்னப்புறந்தானுங்க கூப்பிட்டாரு. நான் சொன்னப்பக் கூப்பிடலை" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார்.

அந்த அம்மா மட்டும் ஒரு நாள் தனியாகக் கிளியூருக்குப் போயிருக்கிறார். டிரைவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, தேன் பாட்டில் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். டிரைவரின் மனைவி காப்பி கொடுத்திருக்கிறார். அம்மா முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். இதை எனக்குச் சொன்னபோது டிரைவர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். "ஊட்டுல சர்க்கரை கம்மியா இருந்துச்சுங்க. வெறும் கசப்பு. எப்படித்தான் குடிச்சாங்களோ" என்றார்.

அந்த அம்மாவே ஒரு லாட்ஜுக்காரரிடம் சொல்லி டிரைவருக்கு வேலை ஏற்பாடு செய்தார். பயணிகளைச் சேலம் ரயிலடியிலிருந்து ஏற்றிவரும் வேன். அதை இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார்.

போன சித்திரையில் சாமான் வாங்க நான் சேலம் போக வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றேன். டிரைவரின் வேன் வந்து நின்றது. காலியாக இறங்குகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். முன்சீட்டில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்ட நேரம். சாலை முழுக்க மரநிழலும் குரங்குகளும். அவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரனை ஒரு தொடு தொட்டு, மேலே ஏறிவரும் பஸ்ஸுக்கு இடம் விட்டு, நிதானமாக இறக்கினார். பத்துப் பன்னிரண்டு வளைவு வரை நாங்கள் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் சேலத்தில் நர்ஸிங் சேர்ந்திருந்தாள்.

என் தப்பு என்று முதலாளியிடம் சொன்னதை அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலையால் சரிசெய்துவிட்டோம், வாயால் எதற்கு என்று இருந்துவிட்டேன் போல.

"தம்பி, அன்னைக்கு நான் சரியாப் பாக்காமச் சொல்லீட்டேன். உங்களுக்குத்தான் நொம்பச் சிரமம் ஆயிருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

இரண்டு வளைவு இறங்கினோம்.

"வேலை போனதுகூடப் பரவாயில்லீங்கண்ணா. அந்தப் பதினஞ்சு நாளு ஊட்டுல யாரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கலைங்க. நீ தூங்குனியா, தூங்கலையான்னு பொண்டாட்டி கேக்கலை, புள்ளையும் கேக்கலை. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. சோறு போட்டாங்க. ஆனா கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கியரை இறக்கினார். "நீங்கதானுங்க உக்காரவெச்சு ஆரம்பத்துல இருந்து சொல்லுன்னு கேட்டீங்க."

நான் கேட்டது என் தப்பைத் திருத்திக்கொள்ளத்தான். அவருக்கு அது வேறொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மலை முடிந்து சமதரை வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, எனக்கு எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, முனையில் இறக்கிவிடுகிறேன், மூணு மணிக்கு ரயிலடிக்கு வந்தால் பயணிகளோடு சேர்ந்தே மேலே போய்விடலாம் என்றார். சரி என்று இறங்கிக்கொண்டேன்.